வீதியும் ஒழுங்கையும்

வழி, தெரு, வீதி, பாதை, சாலை, ஒழுங்கை என்னுஞ் சொற்கள் யாவும் ஒரு பொருளையே குறிப்பன எனக் கொண்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்து எழுதுவார் இந்நாளிற் பலராயினர். இதற்கு நிகண்டுகளும் ஒருவாற்றாற் காரணமாகும். சூடாமணி நிகண்டு முதலியன ஒருபொருட் பல்பெயர்களை ஓரிடத்தே திரட்டித் தருவன. மனனஞ் செய்வார்க்கு அஃது எளிது. நம் முன்னோர் அவ்வாறே கற்றுச் சொல்வளம் பெற்றனர். ஆயினும், திரட்டுதல் வேறு, பிரித்தறிதல் வேறு. பிரித்தறியும் வேலையை நிகண்டு செய்வதில்லை, வழக்கே செய்கின்றது.

நம் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவனைக் காண்போம். அவன் படலையைத் திறந்தவுடன் மிதிப்பது ஒழுங்கை. ஒழுங்கை சென்று ஏறுமிடம் தெரு அல்லது றோட்டு. வரும் வழியிற் கோயிலைச் சுற்றிக் கும்பிடுவானாயின் அவன் நடப்பது வீதி. அவன் தீவுப்பகுதியினனாய், கடல்நீரைக் கடந்து வரவேண்டியவனாயின், அவன் ஏறிநிற்பது பாதையாகவும் இருத்தல் கூடும். இவற்றுள் ஒன்றன் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பேசினால் நம்மூர்ச் செவிக்கு உடனே நெருடும். அந்நெருடலின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறநாட்டுத் தமிழ் வழக்கை ஒப்புமைக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொள்வோம். நாம் பேசப்போவது யாழ்ப்பாணத்து மண்ணிலுள்ள வழிகளைப் பற்றியே.

இவற்றுள் மிகப் பரந்த பொருளுடையது வழி. நிலத்தின்மேல் ஓர் அடையாளமும் இல்லாதவிடத்தும் வழி உண்டு. கடலிலும் உண்டு, வானிலும் உண்டு. செல்வான் ஒருவன் இருந்தாற் போதும். அதனாலன்றோ வழிபடுதல், வழிமொழிதல், வழிக்கு வருதல் எனச் செயல்களுக்கும் அச்சொல் எளிதிற் பெயர்ந்து சென்றது. ஆறு என்பதும் பண்டு இப்பொருளதே. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை; பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது அவற்றின் அமைப்பு. ஆற்றுப்படை என்றவுடன் மாணவர் சிலர் நீரோடும் ஆற்றையே நினைக்கின்றனர். மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாற்றையன்றி வேறோர் ஆற்றைத் தம் ஊரிற் காணாத பிள்ளைகள் அவ்வாறு நினைப்பது வியப்பே. அவ்வாறு, இவ்வாறு, எவ்வாறு என்று நாள்தோறும் நூறுமுறை கூறும்போதும், வரலாறு என்று பாடத்தின் பெயரைக் கூறும்போதும், ஆறு என்னும் அப்பழஞ்சொல்லையே வழி என்ற பொருளில் ஆளுகின்றோம் என்பதை அவர்க்கு ஒருமுறை எடுத்துக் காட்டினாற் போதும், பின் மறவார்.

நெறியோ செம்மையான வழி. காலால் நடக்கும் வழியை இப்பொழுது எவரும் நெறி என்று கூறுவதில்லை. சைவநெறி, நன்னெறி என அது ஒழுக்கத்தின் பக்கம் போய்விட்டது. வழிதவறியவன் வேறு, நெறிதவறியவன் வேறு. முன்னவனுக்கு வழிகாட்டினாற் போதும். மார்க்கம் என்னும் வடசொல் இரண்டு பக்கத்திலும் நிற்கின்றது. தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்று சைவசித்தாந்த வகுப்பிற் கற்பிக்கின்றோம். வடபகுதிப் புகையிரத மார்க்கம் என்று செய்தித்தாள் எழுதுகின்றது. இரண்டையும் ஒரே நாளிற் கேட்கும் மாணவன் மயங்குவதில்லை. சொல் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை அவன் அறிவான்.

இனி, கண்ணுக்குப் புலனாகும் வழிகளுக்கு வருவோம்.

தெரு என்பது தூய தமிழ்ச்சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் தெருவு என வழங்குவது. தெருவுக்கு இருமருங்கும் மனைகள் வேண்டும். மனைகளில் வாழ்வார் வேண்டும். அதனாலேயே பழந்தெருக்கள் அங்கு வாழ்ந்தவர்களாற் பெயர் பெற்றன. நல்லூரிலே செட்டித்தெரு உண்டு. காங்கேசன்துறை வீதியிலே தட்டாதெருச் சந்தி உண்டு. அது தட்டார் தெரு என்பதன் மரூஉ. கொழும்பிலே நகைக்கடைகள் நிறைந்த தெருவை ஆங்கிலத்திற் கடல் தெரு என்னும் பொருள்பட அழைக்கின்றனர். தமிழர் அதைச் செட்டியார் தெரு என்றே கூறுவர். ஆங்கிலேயன் அங்கே கடலைக் கண்டான். தமிழன் குடியிருந்தாரைக் கண்டான். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தைப் பார்த்தவர்க்கு இச்சொல்லின் பழைய இயல்பு நன்கு விளங்கும். தெருவுக்கு மேலே கூரையிட்டு, இருமருங்கும் திண்ணை அமைத்து, போவார் வருவார் இளைப்பாறுமாறு கல்லாற் கட்டிய மடம் அது. தெருவை ஒரு வீட்டின் பகுதியாகவே கருதியவர்களாலன்றி அப்படியொரு கட்டடத்தை எண்ணியிருத்தல் இயலாது.

ஆனால் தெரு வீட்டுக்கு வெளியே இருப்பதும் ஆகும். மானம் காக்கும் இடம் வீடு. அது போய்விட்டால் நிற்கும் இடம் தெரு. நடுத்தெருவில் விட்டுவிட்டான் என்றால் முற்றாகக் கைவிட்டான் என்பது பொருள். வழிதெருவிற் கண்டாலும் பேசமாட்டான் என்று பகைவரைப் பற்றிக் கூறுகின்றோம். நடுவீதியில் விட்டான் என்றோ, நடு ஒழுங்கையில் விட்டான் என்றோ ஊரில் எவருங் கூறக் கேட்டிலோம். ஒழுங்கையில் நிற்பவனை அண்டை வீட்டார் கூப்பிட்டு ஒருவாய் தேநீர் கொடுத்துவிடுவார்கள் போலும்!

வீதி வடசொல். வரிசை, நிரை என்பது அதன் அடிப்படைப் பொருள். நம் நாட்டில் அது முதலிற் கோயிலுக்கு உரியது. உள்வீதி, வெளிவீதி என்று நாம் கூறுவது கோயிலைச் சூழ்ந்த சுற்றையே. நல்லூரிலே சுவாமி வெளிவீதி வலம் வருகின்றார் என்றால், எந்த வீதி என்று எவரும் வினவுவதில்லை. தேர் திரும்புதற்கு இடம் வேண்டும். அடியார் வடம்பிடித்து நிற்றற்கு இடம் வேண்டும். ஆதலின் வீதியென்றாற் பொதுவில் அகலமும் தூய்மையும் நினைவுக்கு வரும். மதுரையிலே கோயிலை மையமாக வைத்து ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி என்று திருவிழா மாதங்களின் பெயரால் வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடப்பதைக் காணின் இதன் முழு வடிவமும் தெரியும். நம் ஊர்களில் அத்துணைச் சுற்றுக்கள் இல்லை. ஆயினும் சிறிய வைரவர் கோயிலுக்கும் வீதி உண்டு. திருவிழாவுக்கு முதல்நாள் அதைச் செருக்கிக் கூட்டுவதற்கு ஊர் இளைஞர் திரள்வர்.

கோயிலுக்குரிய இச்சொல்லை அரச அலுவலக மொழிபெயர்ப்பும் பெயர்ப்பலகையும் நெடுந்தூரப் பெருவழிகளுக்குக் கொடுத்துவிட்டன. கண்டி வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபை, வீதி ஒழுங்கு விதிகள் என எங்கும் வீதியே. சிங்களத்தில் வீதிய என்பது நகர்த் தெருவைக் குறிக்க, ஊர்கடந்து செல்வதைப் பார என்பர். தமிழிலோ அதே வீதி ஊர்கடந்து ஓடுகின்றது. மனைகளின் நிரையைக் குறித்த சொல் வன்னிக் காட்டின் நடுவே, இருபுறமும் பாலையும் முதிரையும் நிற்கும் இடத்திலும் வீதியாகவே நிற்பது வேடிக்கைதான். எனினும் இம்மாற்றத்தை நாம் குறைகூறுவதற்கில்லை. ஓரளவு ஒழுங்கான வகுப்பு அதனால் உண்டாயிற்று: நெடுந்தூரம் செல்வது வீதி, நகரினுள் அமைவது தெரு, உட்புகுவது ஒழுங்கை. யாழ்நகரின் பழைய பகுதியிற் குறுக்குத் தெருக்களுக்குத் தெருவென்னும் பெயரே நிலைத்ததும், அவற்றுக்கு அணித்தேயுள்ள பிரதான வீதி மாத்திரம் வீதியானதும் இவ்வகுப்பு முற்றும் செம்மையானதன்று என்பதற்குச் சான்று. மொழியில் எந்த வகுப்புத்தான் முற்றுஞ் செம்மையானது?

சாலை என்னுஞ் சொல்லிலேதான் இக்காலத்து மாணவர் பெரிதும் தடுமாறுகின்றனர். தமிழ்நாட்டில் அது பெருவழியைக் குறிக்கும். மரங்கள் நிரையாக நின்று நிழல்செய்யும் வழி என்பது அதன் அழகிய பொருள். அங்கு அது முற்றும் சரியே. ஈழத்து வழக்கில் சாலை ஒரு கட்டடம். பாடசாலை, வைத்தியசாலை, வாசிகசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை என்பவற்றை நோக்குக. தனியே சாலை என்று கூறினால், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் வண்டிகள் தங்கிப் புறப்படும் பணிமனை என்று பொருள். கோண்டாவிற் சாலை, பருத்தித்துறைச் சாலை என்பன அவ்வகையின. 'சாலையிற் பஸ் நிற்கின்றது' என்று திரைப்படத் தமிழைப் பின்பற்றி ஒரு மாணவன் எழுதினால், அவனுடைய பாட்டனார் அவ்வண்டி பழுதுபார்க்க விடப்பட்டிருக்கின்றதென்று எண்ணிக்கொள்வார். 'சாலையைக் கடந்து பாடசாலைக்குச் சென்றேன்' என்பது வேறொரு மாணவனின் வாக்கியம். தொல்லை யாதெனில், நெடுஞ்சாலை என்னுங் கூட்டுச்சொல் இப்பொழுது நம்மிடையேயும் வந்துவிட்டது. 2011ஆம் ஆண்டு தெற்கிலே அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் அதனைத் தவிர்த்தல் அரிது. நெடுஞ்சாலை என்ற கூட்டில் ஏற்றுக்கொண்டு, தனிச்சாலையை அதன் பழைய பொருளில் வைத்திருப்பதே தக்கது என்பது நம் கருத்து.

பேச்சில் இவை எல்லாவற்றையும் முந்திக்கொள்வது றோட்டு. அதனை ஆங்கிலமென்று ஒதுக்குவார் ஒதுக்கட்டும். இலக்கணம் கற்பிப்பார்க்கு அஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டார் அதனை ரோடு என்று நெடிற்றொடர்க் குற்றியலுகரமாக்கிக்கொண்டனர். ஆதலின் வீடு வீட்டில் என வருவதுபோல ரோடு ரோட்டில் என ஒற்று இரட்டும். நாமோ முதலிலேயே றோட்டு என வன்றொடராக்கிக்கொண்டோம். பாட்டு பாட்டில் என்பதுபோல றோட்டு றோட்டில் என மாற்றமின்றி நிற்கும். ஒரே அந்நியச் சொல்லை இரு நாட்டாரும் இருவகை உகரத்தில் ஏற்றினரேனும், வேற்றுமை உருபு சேருமிடத்து இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இலக்கணம் அறியாதவர் வாயிலும் இலக்கணம் இருக்கின்றது என்பதை இதனைவிட எளிதாகக் காட்டல் அரிது. றோட்டுக்கு அடைமொழிகளும் உண்டு: கிறவல் றோட்டு, தார் றோட்டு, அண்மைக்காலத்திற் காப்பெற் றோட்டு. இவை வழியின் பெயர்களல்ல. அதன்மேல் விரித்த பொருளின் பெயர்கள்.

பாதைக்கு வருவோம். பாத்திரங் கழுவிய நீர் ஓடும் இடம்போல் வயலினூடும் பனங்கூடலினூடும் காலடியால் உண்டாவது ஒற்றையடிப் பாதை. வண்டில் சென்று உண்டாவது வண்டிற் பாதை. எவரும் திட்டமிட்டு அமைப்பதில்லை, சென்றதனால் உண்டானது. இவ்வளவும் எங்கும் உள்ள வழக்கு. ஈழத்துக்கே உரியது மற்றொன்று. கடல்நீரேரியையோ ஆற்றையோ கடத்தற்கு மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் பாதை என்றே பெயர். காரைநகர்க்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவது பாதை. மட்டக்களப்பிற் குருமண்வெளிக்கும் மண்டூர்க்கும் இடையே ஓடியதும் பாதை. கேரதீவு சங்குப்பிட்டிப் பாதையை முதியோர் நன்கு அறிவர். 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அதன் வேலை முடிந்தது. கிண்ணியாவிலும் 2009இற் பாலம் வந்து பாதையை நிறுத்திற்று. அந்நியர் ஒருவர்க்கு இது விளங்காது. 'பாதை அக்கரையிலே நிற்கின்றது. வந்ததும் ஏறுவோம்' என்றால் அவர் திகைப்பார். பாதை எங்ஙனம் வரும்? நமக்கோ திகைப்பில்லை. நிலத்துவழி நீரால் அறுபட்டவிடத்தில் அறுந்த துண்டைத் தாங்கிக்கொண்டு மிதப்பது அது.

போர்க்காலத்திலே இச்சொல்லுக்கு இன்னுமொரு கனம் வந்து சேர்ந்தது. ஆனையிறவால் மக்கள் போக்குவரவு செய்ய இயலாதிருந்த 1990களின் முற்பகுதியிற் கொம்படி ஊரியான் பாதை என்றும், பின்னர்க் கிளாலிப் பாதை என்றும் கூறப்பட்டவற்றை நம் பழைய மாணவரிற் பலர் கடந்திருக்கின்றனர். ஒன்று சேறும் நீரும். மற்றது இரவிலே படகேறிக் கடக்கவேண்டிய கடல்நீரேரி. இரண்டிலும் வீதி இல்லை, தெரு இல்லை. ஆயினும் மக்கள் வழி என்று பொதுப்படக் கூறாது பாதை என்றனர். கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டபொழுதும், 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டபொழுதும், 'வீதி திறந்தாயிற்றா' என்று எவரும் வினவினாரல்லர். 'பாதை திறந்தாயிற்றா', 'பாதை பூட்டு' என்பவையே ஊர்ப்பேச்சு. வீதி நிலத்தில் எப்போதும் கிடந்தது. கிடந்தும் என்ன? அதிற் செல்லுதல் கூடுமாயிற் பாதை. கூடாதாயின் அது வெறும் நிலம். பாதை என்னுஞ் சொல் மண்ணையன்று, செல்லும் இயல்பையே குறிக்கின்றது என்பதை எந்த அகராதியினும் தெளிவாக அக்காலம் நமக்குக் கற்பித்தது. அக்காலத்திற் பள்ளிச் சிறுவராயிருந்த நாம் அதனை அகராதியிற் பாராமலே அறிந்துகொண்டோம்.

வழிகள் கூடுமிடத்தைச் சந்தி என்பதும், வேலியிற் கடந்து செல்லுதற்கு விடும் இடைவெளியைக் கடவை என்பதும் பழைய வழக்கு. பின்னதை எடுத்துப் புகையிரதக் கடவை, பாதசாரிகள் கடவை என அமைத்த மொழிபெயர்ப்பாளர் எவராயினும் அவரைப் பாராட்டவேண்டும். ஊர்ச்சொல்லை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று நாற்காலி கொடுத்தவர் அவர். அவ்வாறு நாற்காலி பெறாது வாயிலிலேயே நிற்பது ஒழுங்கை.

ஒழுங்கை யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்து என்று கூறினும் பொருந்தும். தமிழ்நாட்டிற் சந்து என்பது ஏறக்குறைய இதற்கு நேரெனினும், சந்து சுவர்களுக்கு இடையே உள்ள இடுக்கு. ஒழுங்கை வேலிகளுக்கு இடையே உள்ள வழி. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதிகாலாக நிற்க, கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த வேலிகள் இருமருங்கும் ஓட, நடுவே மணல் கிடக்கும். அதனினும் ஒடுங்கியது குச்சொழுங்கை. துவிச்சக்கர வண்டியில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் இறங்கவேண்டும். அது திடீரெனத் திரும்புமிடம் முடக்கு. ஒழுங்கு என்னுஞ் சொல்லோடும் ஒழுகுதல் என்பதனோடும் இதற்கு உறவு காண்பது பொருத்தமென்றே தோன்றுகின்றது. வேலிகள் ஒழுங்காக நிற்பது ஒன்று. மற்றது மாரிகாலத்தில் விளங்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு வளவுகளில் விழும் நீர் வழிந்து சேர்வது ஒழுங்கையில். வளவுகளைவிட ஒழுங்கை தாழ்ந்திருப்பது முன்னோரின் கவலையீனம் அன்று. கோடையில் அது வழி, மாரியில் அது வாய்க்கால். ஆறில்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கல்லின் கீழுள்ள நன்னீரையே நம்பி வாழும் ஊரிலே, மழைநீரை நிதானமாக நடத்திச் சென்று குளத்திலும் தரவையிலும் விடுவது சிறிய வேலையன்று.

ஒழுங்கைக்கென்று ஓர் இலக்கண முறையும் உண்டு. றோட்டில் நின்றான், தெருவில் நின்றான் என்கின்றோம். ஒழுங்கைக்கு வரும்போதோ, ஒழுங்கைக்குள் நின்றான் என்கின்றோம். றோட்டின் மேல் ஒருவன் இருக்கின்றான். ஒழுங்கையின் உள்ளே இருக்கின்றான். வேலிகள் சுவராகி அதனை ஓர் உள்ளிடம் ஆக்கிவிட்டன. அதனூடு செல்லுதலை 'ஒழுங்கையால் வா' என மூன்றாம் வேற்றுமை கொடுத்துக் கூறுவதும் நம் வழக்கு. பிறர் 'வழியாக' என்று நீட்டுவதை நாம் ஓர் உருபில் முடித்துவிடுகின்றோம்.

பெயரிடும் முறையிலும் வீதிக்கும் ஒழுங்கைக்கும் பெரும் வேறுபாடு உளது. வீதி தான் சென்று சேரும் இடத்தாற் பெயர் பெறும். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தாற் கண்டி வீதி. வடக்கு நோக்கி வருவார்க்கு அதுவே யாழ்ப்பாண வீதி. அதன் பெயர் தூரத்தில் இருக்கின்றது. ஒழுங்கையோ தன்னிடத்தில் உள்ளதாற் பெயர் பெறும். அரசடி ஒழுங்கை, புளியடி ஒழுங்கை, வைரவர் கோயில் ஒழுங்கை, பரியாரியார் ஒழுங்கை, சட்டம்பியார் ஒழுங்கை என்றாற் போன்ற பெயர்கள் ஊர்தோறும் உள. மரம் பட்டுப்போனாலும், பரியாரியார் இறந்து இரண்டு தலைமுறை சென்றாலும் பெயர் இருக்கும். அங்கே ஓர் அரசு நின்றது, இங்கே ஒருவர் நாடி பிடித்துப் பார்த்தார், அங்கே ஒருவர் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினார் என்னுஞ் செய்தியை வேறெந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. காணியோடு தொடர்புடையதும் ஆகும். காணி உறுதிகளை எடுத்துப் பார்ப்பின், நாற்றிசை எல்லைகளைக் கூறுமிடத்து 'கிழக்கு ஒழுங்கை' என்றும் 'வடக்குத் தெரு' என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். வழி வாய்க்கால் உரித்து என்று வேறொரு தொடரும் வரும். பிறர் நிலத்தினூடு சென்றுவரும் உரித்து வழி. பலருக்கும் பொதுவாய்த் தனித்துக் கிடக்கும் நிலம் ஒழுங்கை. எழுதிய நொத்தாரிசு இவற்றை மனம்போனவாறு மாற்றி எழுதவில்லை. ஒழுங்கை பெரும்பாலும் அயலார் தத்தம் வளவிற் சிறிது விட்டுக்கொடுத்ததனால் உண்டானது. விட்டுக்கொடுத்தவரின் பேரன் வேலி அடைக்கும்போது கதிகாலை அரைச்சாண் முன்னே தள்ளி நடுவதும், எதிர்வீட்டார் அதற்கு விடையாக ஒரு சாண் தள்ளுவதும் நம் ஊர்களில் எக்காலத்தும் உள்ள நாடகம். இந்நாடகத்துக்கு முடிவு சொல்வது உறுதியிலுள்ள ஒரு சொல்லும், அயலிலுள்ள முதியோர் ஒருவரின் நினைவுமே.

அந்நினைவின் அருமை வலிகாமம் வடக்கிலே வெளிப்பட்டது. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் போர் முடிந்தபின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்ற பலர் தம் வளவைத் தாமே அடையாளங் காண இயலாது நின்றனர். வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, ஒழுங்கைகள் மண்ணோடு மண்ணாகிப் பற்றைக்காடாய்க் கிடந்தன. பெரிய வீதிகளைக் கண்டுபிடித்தல் எளிது, வரைபடத்தில் உண்டு. ஒழுங்கைகளைக் கண்டுபிடிப்பதற்கு எஞ்சிய கிணறு ஒன்றையும், கோயில் ஒன்றின் அத்திவாரத்தையும், 'இந்தப் புளிக்கு மேற்கே திரும்பவேண்டும்' என்று கூறும் முதியோரையும் துணைக்கொள்ள வேண்டியிருந்தது. கையிலிருந்த உறுதியோ 'தெற்கு ஒழுங்கை' என்று மாத்திரம் கூறிற்று. இடம்பெயர்ந்த இருபது முப்பது ஆண்டுகளில் அம்முதியோரிற் பலர் மறைந்துவிட்டனர்.

நிலைமை இவ்வாறிருக்க, போர் தொடாத ஊர்களிலும் ஒழுங்கைகள் வேறொரு வகையில் மறைந்து வருகின்றன. ஓரூரிலே கொங்கிறீற்று இட்டுச் செப்பனிட்ட ஒழுங்கையின் முகப்பிற் புதிய பலகை நாட்டப்பட்டது. பழைய பெயரிலிருந்த மரமும் போயிற்று, ஒழுங்கையும் போயிற்று. எண்ணொன்று இட்டு, குறுக்கு வீதி என்று எழுதியிருந்தனர். வேறோரிடத்தில் 'லேன்' என்னும் ஆங்கிலச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதியிருந்தனர். ஒழுங்கை என்றால் முகவரி தாழ்ந்துவிடும் என்று எண்ணுவாரும் உளர். திருமண அழைப்பிதழில் ஒழுங்கையை வீதியாக்கி அச்சிடுவித்தவரை நாம் அறிவோம். அழைப்பிதழைக் கொண்டு வந்த உறவினர் அந்த வீதியைத் தேடி மூன்று சந்திகளில் வினவிவிட்டு, கடைசியில் ஒழுங்கையின் பெயரைக் கூறியே வீட்டை அடைந்தனர். தாழ்வு சொல்லில் இல்லை. கொழும்பிலே செல்வர் வாழும் பகுதிகளிலும் ஒழுங்கைகள் உள. அங்கு எவரும் நாணுவதில்லை.

கொங்கிறீற்று இடவேண்டாம் என்று நாம் கூறவில்லை. மாரியிற் சேற்றில் நடந்து வந்த மாணவனின் காற்சட்டையைப் பார்த்தவர் எவரும் அவ்வாறு கூறார். ஆயினும் வழியென்று மாத்திரம் எண்ணி, வாய்க்கால் என்பதை மறந்து, ஒழுங்கையின் தளத்தை வளவுகளைவிட உயர்த்திவிட்ட இடங்களில் நீர் இப்பொழுது அடுக்களைக்குள் வருகின்றது. ஒழுங்கை என்பதன் பொருளை முழுதாக அறிந்த முதியோர் ஒருவரை வேலைக்கு முன் வினவியிருந்தால் மட்டம் எங்கே இருக்கவேண்டும் என்று காட்டியிருப்பார்.

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவரிடம், தம் வீட்டிலிருந்து கல்லூரி வரை மிதிக்கும் வழிகள் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாக எழுதுமாறு பணித்தோம். றோட்டுக்களின் பெயர்களை எல்லாரும் எழுதினர். தம் வீட்டு ஒழுங்கையின் பெயரைப் பலர் அறிந்திலர். வீட்டிற் கேட்டு வருமாறு அனுப்பினோம். மறுநாள் வந்த விடைகளிற் சில மிக நல்லன. ஒரே ஒழுங்கைக்குத் தந்தை ஒரு பெயரும் பாட்டி வேறொரு பெயரும் கூறினர். பாட்டியின் பெயரிலிருந்த இலுப்பையைத் தந்தையார் கண்டதில்லையாம். இவற்றை ஒரு கொப்பியிற் பதிந்து வருகின்றோம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் எந்நாட்டில் இருப்பினும், தாம் பிறந்த வீட்டு ஒழுங்கையின் பெயர், அப்பெயர் வந்த காரணம், அது தொடங்கும் தெரு, முடியும் இடம், இடையிலுள்ள முடக்கு, கிணறு, கோயில், மரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்லூரித் தமிழ்ப்பகுதிக்கு அனுப்புவாராக. பெயர் மாற்றப்பட்டிருப்பின் இரண்டையும் எழுதுக. பழையதை முதலில் எழுதுக.